ஜோடிச் சுவர்

ஐஸ் கம்பெனியில் அவனுக்குக் கொக்கி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பாமல் போய்விடுவான். உறைந்த ஐஸ் பாரில் கொக்கியைப் போட்டு இழுத்து, சறுக்குப் பலகையில் விட்டு, கீழே நிற்கும் ஆளிடம் இறக்குவது அவன் வேலை. ஒரு பார் ஓர் ஆள் கனம் இருக்கும். மீசை அரும்பிய காலத்தில் கொக்கியைக் கையில் வாங்கினான். மீசை நரைத்த பிறகும் கீழே வைக்கவில்லை.

விரல்கள் சாக ஆரம்பித்து நாளாகிவிட்டது. முதலில் இடது கைச் சுண்டுவிரல். அதன்பின் மற்றவை, வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறவர்களைப் போல, ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் போயின. இப்போது இரண்டு கையும் மணிக்கட்டு வரை மரத்துக் கிடந்தன. வலு குறையவில்லை. விரல் மடங்கும், பிடிக்கும், இழுக்கும். பிடித்திருக்கிறதா, விட்டுவிட்டதா என்பது மட்டும் தெரியாது. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இது வெளியே தெரிந்தால் குளிர் அறையில் அவனுக்கு இடம் கிடையாது. மேஸ்திரி போட்ட சட்டம் அது. முன்பு கை மரத்துப்போன ஒருவன், கொக்கி நழுவியது தெரியாமல், சறுக்கின் மேலிருந்து ஒரு பாரை விட்டுவிட்டான். கீழே நின்றவனின் பாதம் போனது. அதற்குப் பிறகு மேஸ்திரி வாளிச் சோதனை என்று ஒன்றை வைத்தார். ஐஸ் தண்ணீர் வாளிக்குள் ஒரு நட்டு, ஒரு போல்ட்டு, ஒரு வாஷர் போடுவார். "மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பு. வாஷர எடு." தப்பாக எடுத்தவன் மறுநாளிலிருந்து வெளி முற்றத்தில் நின்று, ஐஸ் உறைகிற தொட்டிக்கு உப்பு மூட்டை சுமக்க வேண்டும். அதில் கேவலம் ஒன்றும் இல்லைதான். ஆனால் வெளியே போனவனை உள்ளே இருக்கிறவர்கள் பார்க்கிற பார்வை ஒன்று உண்டு. பழுதான மோட்டாரை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, பழைய இரும்புக்காரன் இன்னும் வரவில்லையே என்று பார்க்கிற பார்வை.

கொக்கி நகத்தை வெட்டாமல் விட்டான். வாளிக்குள் கையை விட்டு நகத்தால் அடியைச் சுரண்டுவான். வாஷர் தகரத்தில் வழுக்கும்போது சன்னமாகக் கிறீச்சிடும். நட்டு தடக்கென்று புரளும். காது நன்றாக இருந்ததால் கை உயிரோடு இருப்பதாகக் கம்பெனி நம்பியது.

வீட்டிலும் சொல்லவில்லை. அடுப்பில் கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் அவன் இறக்குவதைப் பார்த்து, "எங்க வீட்டுக்காரருக்கு இருக்கறது கை இல்லீங்க, இடுக்கி" என்று அவன் பெண்டாட்டி பக்கத்து வீட்டில் பெருமையடித்தாள்.

கை மரத்தது அவளுக்குத் தெரியாது. ஆள் மரத்தது தெரியும். விடுதியில் தங்கிப் படிக்கிற மகள் போனில் பேசினால், "சாப்டியா" என்று கேட்பான். "சாப்ட்டேன்ப்பா" என்று அவள் சொன்னதும் போனை அம்மாவிடம் நீட்டிவிடுவான். யாராவது ஜோக் சொன்னால் முகம் சிரிக்கும். கடையைத் திறந்து வைத்துவிட்டு ஆள் எங்கோ போய்விட்டது போலிருக்கும் அந்தச் சிரிப்பு.

"ஞாயித்துக்கிழமையானா இந்தச் சுவத்தப் பாத்துட்டு உக்காந்துடுறீங்க. அதுல என்ன படமா ஓடுது?"

"சும்மாதான்."

"தம்பி எங்கயோ போய் ஓடுறான், தாவுறான், சேத்துல பொரள்றான். அவன்கூடப் போய்ட்டு வாங்க. உங்க மேல சேறாவது ஒட்டட்டும்."

அவள் தம்பி கம்பெனி ஐஸை ஏற்றிச் செல்லும் வண்டியை ஓட்டுகிறவன். வாய் ஓயாது. காலையில் அவன் காதில் விழுந்தது, மத்தியானம் டீ வருவதற்குள் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிடும். கொஞ்ச நாளாகத் தடை ஓட்டம் என்று பைத்தியமாக அலைந்தான். மூட்டை சுமந்து ஓடுவது, முள்கம்பிக்கு அடியில் தவழ்வது, கயிறு ஏறுவது, கம்பியில் தொங்கிக்கொண்டே போவது.

"மாமா, நீ தினமும் செய்யற வேலைதான் எல்லாம். அங்க அதுக்கு மெடல் தர்றாங்க."

"தூக்கறதுக்குக் கூலி தருவாங்க. மெடல் எதுக்கு?"

"அதான் மாமா விஷயமே. நாம காசு கட்டி மூட்டை தூக்கணும்."

"உங்க அக்காவுக்குத் தெரியுமா இது?"

"அவதான் உன் பேருக்கும் கட்டினா."

போனான். வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு சுறுசுறுப்பு வேண்டியிருக்கிறது. அது அவனிடம் இல்லை.

பழைய லாரி ஷெட்டுக்குப் பின்னால் மைதானம். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருக்கும் ஓர் அம்மாள் அங்கே பழக்கினாள். குள்ளமான உருவம், கழுத்தில் விசில், பழுப்பேறிய தொப்பி. புதிதாக வருகிறவர்களுக்கு வெள்ளைப் பட்டை. வெள்ளை ஓட்டத்தை முடித்தால் மஞ்சள், மஞ்சளை முடித்தால் சிவப்பு. பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். டீச்சர் அவனுக்கு வெள்ளையை இறுக்கிக் கட்டிவிட்டு, "இறுக்கமா இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல."

நீல நரம்பு புடைத்து நின்றதைப் பார்த்து அவளே தளர்த்திவிட்டாள்.

குரங்குக் கம்பியில்தான் முதல் கூத்து நடந்தது. இரண்டு கம்பத்துக்கு நடுவே ஏணியைப் படுக்கப் போட்டது போல வரிசையாக இரும்புக் கம்பிகள். கீழே மணல். எல்லோரும் உள்ளங்கையில் வெள்ளைப் பொடியைத் தேய்த்து ஈரத்தைப் போக்கிக்கொண்டு நின்றார்கள். கொக்கி நேராகப் போய், சேறு கழுவ வைத்திருந்த தண்ணீர் டிரம்மில் இரண்டு கையையும் முக்கினான். உதறினான். எகிறிக் கம்பியைப் பிடித்தான். முதல் கம்பி, இரண்டாவது கம்பி. மூன்றாவதில் இருக்க வேண்டிய நேரத்தில் மணலில் மல்லாந்து கிடந்தான்.

"யாருங்க அது, கைய கழுவிட்டு வந்தது?" என்றாள் டீச்சர். "இங்க சாப்பாடா போடறோம்?"

மைதானமே சிரித்தது.

"ஐஸ் கம்பெனி ஆளு டீச்சர்" என்று மச்சினன் முன்னால் வந்தான். "அவங்க இரும்பக் கண்டா குளிப்பாட்டிட்டுத்தான் தொடுவாங்க."

விஷயம் அதுதான். உறைந்த தகரப் பெட்டியைத் தொடும் முன்னால் உப்புத் தண்ணீரில் கையை நனைக்காவிட்டால் தோல் அதில் ஒட்டிக்கொள்ளும். உரித்துத்தான் எடுக்க வேண்டும். இரும்பைப் பார்த்ததும் கை தானாகத் தண்ணீரைத் தேடிப் போய்விடும். வெயிலில் காய்ந்து கிடக்கிற இரும்பு வேறு ஜாதி என்று அதற்குத் தெரியாது.

பொடி தேய்த்துக்கொண்டு மறுபடி தொங்கினான். இந்தத் தடவை கடைசிக் கம்பி வரை போய், திரும்பியும் வந்தான். மற்றவர்கள் பாதியில் விழுந்தார்கள். அவர்களுக்கு உள்ளங்கை எரிந்தது. இவனுக்கு எரிய ஒன்றும் இல்லை.

"ஒண்ணு சொல்றேன்" என்றாள் டீச்சர். "தொங்கும்போது அடுத்த கம்பியப் பாருங்க. நீங்க உங்க கையவே பாக்கறீங்க. கை எங்கயும் ஓடிப்போயிடாது."

"சரி டீச்சர்."

சொல்லிவிட்டு மறுபடியும் கையையே பார்த்தான்.

வெள்ளை ஓட்டம் அவனுக்கு ஒரு வேலை நாளைவிடச் சுலபமாக இருந்தது. மணல் மூட்டையைத் தோளில் போட்டதும் கால் தானாக நடந்தது. கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிற பையன்கள் மூச்சு வாங்கிக் கிடக்க, அவர்களைத் தாண்டிப் போனான். முடிவில் கழுத்தில் மெடலைப் போட்டார்கள். எல்லோரும் அவரவர் மெடலைக் கடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவனும் கடித்தான். தகரம். வீட்டில் பெண்டாட்டி ஆணியடித்து மாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கிற சுவரில் இப்போது ஒரு வட்டம் இருந்தது, அவ்வளவுதான்.

ஆனாலும் போவதை நிறுத்தவில்லை. பிடித்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அங்கே யாரும் அவனிடம் பேச்சை எதிர்பார்க்கவில்லை. எதிரே ஒரு சுவர் இருக்கும், தாண்ட வேண்டும். அதன்பின் ஒரு பள்ளம். அதன்பின் கயிறு. ஒன்று முடிந்தால் அடுத்தது எது என்று அதுவே சொல்லிவிடும். வீட்டில் இருக்கிற நேரத்துக்கு அந்த வசதி கிடையாது.

மஞ்சள் ஓட்டத்தில் வளையங்கள். அடுத்தடுத்துத் தொங்கும் இரும்பு வளையங்களைப் பிடித்து ஊசலாடிக்கொண்டே அக்கரை சேர வேண்டும். பாதியில் அவன் உள்ளங்கைத் தோல் கிழிந்து தொங்கியது. ரத்தம் முழங்கை வரை வழிந்து சட்டையில் சொட்டிய பிறகு, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் அலறியதைக் கேட்டுத்தான் அவனே பார்த்தான். முடித்துவிட்டு இறங்கினான். கைதட்டினார்கள். இரும்பு மனுஷன் என்று யாரோ சொன்னார்கள். வேறொருவன் செய்த வேலைக்கு இவன் கூலி வாங்குவது போலிருந்தது அவனுக்கு.

டீச்சர் மட்டும் கைதட்டவில்லை. பஞ்சில் மருந்தை நனைத்து, சொல்லாமல் கொள்ளாமல் காயத்தில் அழுத்தினாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"எரியலயா?"

"பழகிடுச்சு டீச்சர்."

அவள் கட்டுத் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

சிவப்பு வேறு மாதிரி. அதில் தனி ஆள் ஓட முடியாது. இரண்டிரண்டு பேராகத்தான் ஓட வேண்டும். மச்சினன் அதற்காகவே இத்தனை நாளும் அவனைத் துரத்திக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. சிவப்பில் ஒரு சுவர் இருக்கிறது. ஜோடிச் சுவர் என்பார்கள். இரண்டு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வழுவழுவென்ற பலகை. பாதி உயரத்தில் கால் பெருவிரல் வைக்கிற அளவுக்கு ஒரு விளிம்பு. ஒருவன் மற்றவன் தோளில் ஏறி நின்று மேலே போய், சுவரின் மேல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார வேண்டும். கீழே இருப்பவன் விளிம்பில் கால் வைத்து எம்பினால், மேலே இருப்பவன் கையைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். மச்சினன் ஒல்லி. கொக்கியைத் தோளில் தாங்குவான், கையால் மேலே இழுக்க அவனால் ஆகாது. ஆக, மேலே உட்கார்ந்து பிடிக்க வேண்டியவன் கொக்கி.

முதல் பயிற்சியில் பிடித்தான். பிடி பத்தாதோ என்ற பயத்தில் இருக்கிற பலத்தையெல்லாம் போட்டுப் பிடித்தான்.

"மாமா, மாமா, விடு. நான் என்ன ஐஸ் பாரா?"

மச்சினனின் மணிக்கட்டில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. அடுத்த தடவை கொக்கி கொஞ்சம் தளர்த்தினான். எவ்வளவு தளர்ந்தது என்று அவனுக்குத் தெரியாது. மச்சினன் பாதியில் நழுவிப் பொத்தென்று மணலில் விழுந்தான். விழுந்தபடியே சிரித்தான்.

"ஒண்ணு நசுக்கற, இல்லன்னா நழுவ விடற. நடுவுல ஒண்ணு கிடையாதா உனக்கு?"

கொக்கி சுவரின் மேலேயே உட்கார்ந்திருந்தான். கீழே கிடந்தவனின் கழுத்து எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பார்த்தான். சரியாக இருந்தது. ஓட்டத்தன்று கீழே இத்தனை மணல் இருக்குமா என்று யோசித்தான்.

அன்று திரும்பும்போது வண்டியில் சொன்னான்: "வேற ஆள் பாத்துக்க மாப்ள."

"ஏன்?"

"முதுகு வலி."

"உனக்கா? நீ வலின்னு சொல்லி நான் கேட்டதே இல்லயே."

"இப்ப கேளு."

மச்சினன் வண்டியை வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். தன் மணிக்கட்டிலிருந்த மஞ்சள் பட்டையைக் கழற்றி, கொக்கியின் மடியில் வைத்தான்.

"நீ இல்லன்னா நான் யார்கூட ஓடறது? எவன் கையப் பிடிச்சு நான் மேல ஏற? உன்ன நம்பித்தான் மாமா கண்ண மூடிட்டு எம்பறேன்."

அதைக் கேட்கிற எந்த மனுஷனுக்கும் நெஞ்சு ஏதாவது செய்யும். கொக்கி தன் நெஞ்சில் ஏதாவது செய்கிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. ஆனால் கணக்குப் போடத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் இந்த வாயிலிருந்து அது மேஸ்திரி காதுக்குப் போக ஒரு டீ நேரம் போதும். சொல்லாமல் விலகினால் மச்சினன் விடமாட்டான், பெண்டாட்டி முதுகை அமுக்கி அமுக்கிக் கேள்வி கேட்பாள். மிச்சம் ஒரே வழி: கண்ணை வைத்துப் பிடிப்பது. விரல் கணுக்கள் வெளுத்தால் பிடி சரி. சிவந்தால் தளர்கிறது. கம்பெனியில் இத்தனை காலம் ஓட்டியது அதை வைத்துத்தானே.

பட்டையை எடுத்து மச்சினன் கையில் கட்டிவிட்டான். "சரி. ஏறு. பாத்துக்கறேன்."

அதன்பின் பயிற்சியில் ஒரு தடவைகூட விடவில்லை. கண்ணை இமைக்காமல் விரலையே பார்த்துக்கொண்டு தூக்கினான். ஜோடிச் சுவர் பழகிவிட்டது என்று டீச்சர் இருவருக்கும் சிவப்புப் பட்டை கொடுத்தாள்.

சிவப்பு ஓட்டத்தன்று கூட்டம் நிறைய. ஜோடிச் சுவருக்கு முன்னால் ஒரு ஐஸ் பள்ளம் வெட்டியிருந்தார்கள். இடுப்பளவு தண்ணீர், அதில் உடைத்துப் போட்ட ஐஸ். நடுவில் தண்ணீருக்கு மேல் குறுக்காக ஒரு மரம். தலையை முக்கி அதற்கு அடியில் போய் எழ வேண்டும். ஐஸ் இவர்கள் கம்பெனியிலிருந்து வந்தது. லோடோடு மேஸ்திரியே வந்திருந்தார். பள்ளத்தின் கரையில் ரப்பர் பூட்ஸோடு நின்று, இரும்புக் கொக்கியால் பாரை இழுத்துப் போட்டு உளியால் உடைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். இப்படி ஒரு வேடிக்கையில் அவரை யாரும் பார்த்ததில்லை. தொப்பி கூட வைத்திருந்தார்.

"டேய் கொக்கி, உனக்காக ரெண்டு பார் கூடுதலா போட்டிருக்கேன். மத்தவனெல்லாம் விறைச்சுப் போகட்டும். நீ குளிச்சிட்டுப் போற மாதிரி போ."

"சரி மேஸ்திரி."

"கம்பெனி மானம்டா."

ஓட்டம் தொடங்கியது. மூட்டை, முள்கம்பி, கயிறு, வளையம் எல்லாம் முடிந்தன. மச்சினன் பேசிக்கொண்டே ஓடினான். கொக்கி பேசாமல் ஓடினான். ஐஸ் பள்ளத்துக்கு வரும்போது அவர்களுக்கு முன்னால் சில ஜோடிகள்தான் இருந்தன. உள்ளே இறங்கியதும் மச்சினன் வாய் முதல்முறையாக மூடியது. மரத்துக்கு அடியில் முங்கி எழுந்தபோது அவன் உதடு நீலமாக இருந்தது. அக்கரையில் ஏறியவர்களெல்லாம் கையை அக்குளில் வைத்துக்கொண்டு குதித்தார்கள். கொக்கிக்குத் தோள் குளிர்ந்தது, வயிறு குளிர்ந்தது. கை எப்போதும் போல இருந்தது.

சுவர். மச்சினன் குனிந்து தோளைக் கொடுத்தான். கொக்கி ஏறி, சுவரின் உச்சியை எட்டி, மேலே போய்க் காலைப் போட்டு உட்கார்ந்தான். கீழே பார்த்தான். வைக்கோல் பரப்பியிருந்தார்கள், முன்னால் வந்த ஜோடிகள் மிதித்து மிதித்து அதை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டிருந்தார்கள். நடுவில் வெறும் தரை, கட்டாந்தரை, ஈரத்தில் மினுங்கியது.

பள்ளத்துச் சேறு தலைமுடியிலிருந்து கண்ணுக்குள் இறங்கியது. புறங்கையால் துடைத்தான். கையிலும் சேறு. கண் எரிந்து மூடிக்கொண்டது. திறந்தால் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிந்தன, விரல் தெரியவில்லை.

"வர்றேன் மாமா" என்றான் மச்சினன். விளிம்பில் கால் வைத்து, ஒரு கையால் பலகையின் இடுக்கைப் பற்றிக்கொண்டு, மறு கையை மேலே நீட்டினான். கொக்கி தன் கையைக் கீழே விட்டு மூடினான். ஏதோ கனம் வந்து தோளில் இழுத்தது. அவன் கையா, சட்டையா, வழுக்கிக்கொண்டிருக்கிறதா, நிற்கிறதா?

"பிடிச்சிட்டியா?"

கொக்கி கண்ணை இறுக்கிச் சிமிட்டிப் பார்த்தான்.

"மாமா, பிடிச்சிருக்கியா? கால எடுக்கட்டுமா?"

கம்பெனியில் இந்தக் கேள்வியைக் கீழே இருக்கிறவன் தினமும் கேட்பான். பிடிச்சிருக்கியா. இவன் தினமும் ம் என்று சொல்வான். ம் என்பது வாயைத் திறக்காமலே வருகிற சொல். அது தொண்டை வரை வந்தது. நாலு எட்டு தள்ளி மேஸ்திரி ஐஸை உடைக்கிற சத்தம் நின்றிருந்தது, வேடிக்கை பார்க்கிறார்.

"தெரியல" என்றான் கொக்கி.

"என்ன தெரியல?"

"பிடிச்சிருக்கனான்னு தெரியல. கால எடுக்காத."

"வெளயாடற நேரமா மாமா இது? கை வெறைக்குது."

கூட்டத்தின் இரைச்சலில் மெதுவாகச் சொன்னால் கேட்காது. சத்தமாகச் சொன்னான். "எனக்குக் கை தெரியாதுடா. செத்துப் போய் ரொம்ப நாளாச்சு. கண்ணுலயும் சேறு. நான் பிடிக்கறத நம்பாத. நீ என்னப் பிடி."

மச்சினன் நீட்டிய கையால் தடவி அவன் மணிக்கட்டைப் பற்றினான்.

"மணிக்கட்டுல வேண்டாம். அதுக்கு மேல பிடி. இன்னும் மேல. இன்னும் கொஞ்சம். ஆ, அங்க. அங்க எனக்குத் தெரியும். ரெண்டு கையாலயும் பிடி. இப்ப எடு கால."

முழங்கைக்குக் கீழே சதையில் பத்து விரலும் நகமும் பதிந்தன. வலித்தது. கொக்கி மறு கையின் முழங்கை மடிப்பைச் சுவரின் மேல் கட்டையில் மாட்டிக்கொண்டு, மறுபக்கம் சாய்ந்து, உடம்பையே எடைக்கல்லாகப் போட்டு இழுத்தான். மச்சினன் மேலே வந்து, அவன் மடியில் விழுந்து, இருவரும் மறுபக்கத்து வைக்கோலில் உருண்டார்கள். அதற்குள் நிறைய ஜோடிகள் தாண்டிப் போயிருந்தன. மிச்ச ஓட்டத்தை நடந்தே முடித்தார்கள். மச்சினன் வழியெல்லாம் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

முடிவுக் கோட்டில் டீச்சர் மெடலைக் கழுத்தில் போட்டாள். பின்னாலேயே மேஸ்திரி நின்றார். தொப்பியைக் கழற்றியிருந்தார்.

"எப்பலேர்ந்து?"

"தெரியல மேஸ்திரி."

"வாளில எப்படி எடுத்த?"

"சத்தத்த வச்சு."

மேஸ்திரி அவன் விரல்களைப் பார்த்தார். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியில் நின்றது. "எனக்குத் தோணல பாரு. நானும் பெரிய மூளக்காரன்னு வாளிய வச்சிட்டு உக்காந்திருக்கேன்."

"சொல்லியிருக்கணும்" என்றான் கொக்கி.

"சொன்னியே. இப்ப சொன்னியே." அவர் குரல் உயரவில்லை. "மேல வர்றவன் உன் மச்சினன். அதனால வாய் தொறந்துச்சு. என் சறுக்குக்குக் கீழ தினம் ஒருத்தன் நிக்கறான். அவனும் பிடிச்சிருக்கியான்னுதான் கேக்கறான். அவனுக்கு என்ன பதில் சொன்ன?"

மச்சினன் குறுக்கே வந்தான். "மேஸ்திரி, அவரு இதுவரைக்கும் ஒரு பாரையும் விட்டதில்ல..."

"நீ சும்மா இரு. நாளைக்கு உள்ள வராத கொக்கி. உப்புக்கு நில்லு. முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்."

"சரி."

"சரின்னுதான் எப்பவும் சொல்ற" என்றார் மேஸ்திரி. மீந்த ஐஸ் உருகிக்கொண்டிருந்த வண்டியைப் பார்த்து நடந்தார்.

வீட்டில் அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மச்சினன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அழுவாள் என்று தம்பி நினைத்தான். திட்டுவாள் என்று புருஷன் நினைத்தான்.

"அப்ப நான் கிள்ளினதெல்லாம்?"

"எப்ப கிள்ளின?"

"எத்தனையோ தடவ. நீங்க வாயத் தொறந்து பேசிட்டு இருந்த காலத்துல, எங்க பெரியப்பா வீட்ல கண்டத உளறும்போதெல்லாம் மேசைக்கு அடியில கையக் கிள்ளுவேன். நிறுத்தவே மாட்டீங்க. எவ்ளோ திமிரு பாருன்னு வீட்டுக்கு வந்து மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு இருப்பேன்."

"நீ ஏன் மூஞ்சியத் தூக்கறன்னு நானும் யோசிப்பேன்."

தம்பி சிரித்துவிட்டான். அக்கா முறைத்ததும் நிறுத்தினான். அவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மேஸ்திரி சொன்னதுல தப்பு ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அப்ப சரி. சாப்பிட வாங்க." எழுந்து போனவள் நின்று, "பாத்திரத்தத் தொடாதீங்க, நான் எடுக்கறேன்" என்றாள்.

மறுநாள் காலை கொக்கி முற்றத்தில் நின்றான். உப்பு மூட்டையைத் தோளில் வாங்கிக்கொண்டு உறைதொட்டி வரை கொண்டுபோய் இறக்க வேண்டும். தோளுக்கு மூட்டையின் கனம் தெரிந்தது, கோணியின் சொரசொரப்பு தெரிந்தது. கழுத்து வியர்வையில் உப்பு இறங்கி அரித்தது. உறைதொட்டிக்குப் போகும் வழி சறுக்குக்குக் கீழாகப் போகிறது. இத்தனை காலமாக மேலேயே நின்றவன், இந்தப் பக்கம் வந்ததில்லை.

சறுக்கின் அடியில் நின்றவன் நகர்ந்து வழிவிட்டான். கொக்கியைவிட வயதில் பெரியவன். மேலிருந்து பார்க்கும்போது இவனுக்கு ஒரு வழுக்கைத் தலையும் இரண்டு தோளும் மட்டும்தான். இப்போது முகம் இருந்தது. கடைவாயில் ஒரு பல் இல்லை.

"என்ன கொக்கி, வெளிய தள்ளிட்டாங்களாமே?"

"ஆமா."

கொக்கி அவன் காலைப் பார்த்தான். ரப்பர் பூட்ஸ். வலது காலில் முன்பக்கம் பிளந்து, கம்பியால் தைத்திருந்தது. பிளவு வழியாகப் பெருவிரல் தெரிந்தது.

"என்ன பாக்கற?"

"பூட்ஸ் கிழிஞ்சிருக்கு."

"அது கிழிஞ்சு ரெண்டு மழைக்காலம் போயாச்சு. இப்பத்தான் பாக்கறியா?"

"ஆமா" என்றான் கொக்கி. "இப்பத்தான்."

மூட்டையை இறக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். மேலே புதிதாகக் கொக்கியைக் கையில் வாங்கியவன் பாரை இழுத்து விளிம்புக்குக் கொண்டுவருகிற சத்தம் கேட்டது.

"பிடிச்சிருக்கியா?" என்று கத்தினான் வழுக்கைத் தலைக்காரன்.

"ம்" என்றது மேலே ஒரு குரல்.

கொக்கி அந்த ஆளின் கையைப் பற்றிச் சறுக்கை விட்டு இழுத்தான். விரல் பிடித்ததை நம்பாமல், மூட்டை இல்லாத தோளாலும் இடித்துத் தள்ளினான். இருவரும் சுவரோரம் ஒதுங்கி நிற்க, பார் ஒழுங்காகச் சறுக்கி வந்து, தரையில் நின்றது.

"பைத்தியமா உனக்கு?" என்றான் அவன்.